பாய் விரித்துப் பார்த்த டிரைவ்-இன்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து வாடகைக் கார் பிடித்தேன். நீலாங்கரை தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"பிரார்த்தனா தியேட்டர் வந்தா சொல்லுங்க தம்பி" என்றேன்.

"அதை மூடிட்டாங்களே சார். உள்ளே போய்ப் படம் பார்த்தது உண்டா நீங்க?" என்று கேட்டார் டிரைவர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

பார்த்ததுண்டு, ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையைப் பற்றி மண்டபம் போய்ச் சேரும் வரை அவரிடம் பேசிக்கொண்டே போனேன். திரும்பி வந்த பிறகும் அந்த நினைப்பு விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1990களின் நடுவில் ஒரு சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கியிருந்தார். கார் வாங்கினால் முதலில் எங்கே போவது? திருப்பதி போய் வந்தாயிற்று. அடுத்து, "காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கிற தியேட்டர் இஞ்சம்பாக்கத்தில் இருக்கிறதாமே, அங்கே போகலாம்" என்றார். அவர் வீட்டில் நான்கு பேர், எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆக ஒரு அம்பாசிடருக்குள் ஒன்பது பேர். புளிசாதம், தயிர்சாதம், மோர்மிளகாய், பிளாஸ்டிக் கேனில் தண்ணீர், இவற்றோடு என் மனைவி இரண்டு கோரைப்பாயையும் சுருட்டி டிக்கியில் வைத்தாள். "காரில் உட்கார்ந்து பார்க்கிற சினிமாவுக்குப் பாய் எதுக்கு?" என்று நண்பர் சிரித்தார்.

கவரைப்பேட்டை, செங்குன்றம், மாதவரம் எல்லாம் கடந்து, நகரத்துக்குள் புகுந்து, அடையாறு, திருவான்மியூர் வழியாகப் போனோம். எண்பது கிலோமீட்டர் பக்கம் வரும். போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இருட்டினால்தானே திரையில் படம் தெரியும்? கார்கள் ஒவ்வொன்றாக வந்து திரையைப் பார்த்து வரிசை கட்டின. படம் தொடங்கிய பத்தாவது நிமிஷம் எங்கள் காருக்குள் ஒரே புழுக்கம். பின்சீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு முன்சீட்டுத் தலைகள்தான் தெரிந்தன. ஒரு பக்கக் கதவு திறந்தது, பிறகு இன்னொரு கதவு. கொஞ்ச நேரத்தில் பாய் இரண்டும் காருக்கு முன்னால் விரிந்துவிட்டன. சுற்றிப் பார்த்தால் எல்லாக் கார்களின் கதையும் அதேதான். பாதிப் பேர் பாயில், சிலர் மடக்கு நாற்காலியில், பிள்ளைகள் பானெட்டின் மேல். பக்கத்துக் கார்க்காரர்கள் எங்களுக்கு முறுக்கு கொடுத்தார்கள். நாங்கள் புளிசாதம் கொடுத்தோம். கடற்காற்றில் வசனம் ஏறியும் இறங்கியும் கேட்டது. இடையில் ஒரு தூறல் போட்டபோது மட்டும் எல்லோரும் காருக்குள் ஓடினோம். வைப்பர் ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடி வழியாக ஒரு சண்டைக் காட்சியைப் பார்த்தோம். தூறல் விட்டதும் மறுபடியும் பாய்க்கே வந்துவிட்டோம்.

வீடு வந்து சேரும்போது விடியற்காலை. கதை யாருக்கும் சரியாக நினைவில்லை. அந்த ராத்திரி மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

இந்த டிரைவ்-இன் என்பது அமெரிக்காவில் பிறந்த யோசனை. நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்று ஒருவர் இருந்தார். கார் பராமரிப்புப் பொருள் விற்கிற குடும்பத்துக்காரர். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அதன் பானெட் மேல் ஒரு புரொஜெக்டரை வைத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, அதற்குப் பின்னால் ஒரு ரேடியோவையும் வைத்துச் சோதனை செய்து பார்த்தார். அவருடைய தாயார் பருத்த உடம்புக்காரர், தியேட்டர் நாற்காலி அவருக்கு ஒத்துவராததால்தான் மகனுக்கு இந்த யோசனையே வந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். முன்னால் நிற்கிற கார் பின்னால் நிற்பவருக்கு மறைக்குமே, அதற்கு என்ன செய்வது? தரையை வரிசை வரிசையாகச் சரிவாக மேடிட்டு, காரின் முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி நிற்கும்படி செய்தார். அந்த அமைப்புக்கு 1933 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. அடுத்த மாதம், ஜூன் 6 அன்று, கேம்டன் நகருக்குப் பக்கத்தில் முதல் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட்.

ஆரம்பத்தில் திரைக்குப் பக்கத்திலேயே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். பின்வரிசைக்குச் சத்தம் தாமதமாகப் போகும். அக்கம்பக்கத்து வீடுகளில் தூக்கம் கெடும். 1940களில் காருக்குள்ளேயே மாட்டிக்கொள்கிற சிறிய ஸ்பீக்கர்கள் வந்தன. பிற்பாடு கார் ரேடியோவிலேயே எப்.எம். வழியாக வசனம் கேட்கிற ஏற்பாடு வந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 டிரைவ்-இன்கள் இருந்தன. இன்று சில நூறுதான் மிச்சம்.

நம் நாட்டில் பேர் பெற்றது ஆமதாபாத்தின் சன்செட் டிரைவ்-இன். 1973-இல் தொடங்கியது, 600 கார்களுக்கு மேல் நிற்கும். அங்கேயும் நடந்தது நம் கதைதான். காரில் உட்கார்ந்து பார்ப்பதற்காகக் கட்டிய இடத்தில் குடும்பம் குடும்பமாகக் கீழே இறங்கி, விரிப்பு விரித்து, டப்பா டப்பாவாகத் தின்பண்டத்தைத் திறந்து வைத்துப் படம் பார்ப்பார்கள். மும்பையில் பாந்த்ரா பக்கம் ஒன்று இருந்து, 2003-இல் மூடப்பட்டது. சென்னைக்கு வாய்த்தது பிரார்த்தனா. அதே வளாகத்தில் ஆராதனா என்று கூரை போட்ட தியேட்டர் ஒன்றும் இருந்தது.

அமெரிக்காக்காரனுக்குக் கார் என்பது ஒரு தனி அறை. அந்த அறையை விட்டு இறங்காமல் படம் பார்ப்பதுதான் அவனுக்கு டிரைவ்-இன். நமக்குக் கார் என்பது அந்த இடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் நாம் செய்தது என்ன? டூரிங் கொட்டகையில் என்ன செய்தோமோ அதையேதான் செய்தோம்.

டூரிங் டாக்கீஸைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் ஆதி கதை எல்லோருக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ. 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். ரயில் போகிற ஊருக்கெல்லாம் அவர் கூடாரம் போயிற்று. பிறகு 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

அந்தக் கூடாரத்தின் பேரன்தான் நம் ஊர்க் கொட்டகை. பக்கத்தில் கீற்றுத் தட்டி, தரையில் ஆற்று மணல். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வோம். ஹாலிங்ஸ்ஹெட் காப்புரிமை வாங்கிய மேட்டுத் தத்துவத்தை நம் பிள்ளைகள் காசு செலவில்லாமல் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்! ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். முறுக்கு, கடலை, சோடா வியாபாரத்துக்கு அது போதும். சீர்காழியின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கிளம்பிவிட்டால் ஊரே செருப்பை மாட்டும்.

எங்கள் ஊர் எல்லையில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. எளாவூர்ப் பக்கம் தமிழ், தடா பக்கம் தெலுங்கு. பாதி வீடுகளில் இரண்டு பாஷையும் புழங்கும். கொட்டகையில் ஒரு வாரம் எம்.ஜி.ஆர்., மறு வாரம் என்.டி.ஆர். என்று ஓடும். 1951-இல் வந்த பாதாள பைரவி, 1957-இல் வந்த மாயாபஜார் இரண்டும் இரு மொழியிலும் எடுக்கப்பட்டவை. மாயாபஜாரைத் தெலுங்கில் பார்த்தவர்களும் தமிழில் பார்த்தவர்களும் எங்கள் தெருவில் எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, எது உசத்தி என்று சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் கடோத்கஜன் எஸ்.வி. ரங்காராவ்தான் என்பதால் அந்தச் சண்டையில் யாரும் ஜெயித்ததில்லை.

இதெல்லாம் ஏன் போயிற்று? "டி.வி. வந்தது, போயிற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படம், பிறகு வீடியோ கேசட், 1993-இல் சன் டி.வி. என்று ஒவ்வொன்றும் கொட்டகையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆளைப் பிடுங்கின. ஆனால் டிரைவ்-இன் சாகக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது.

சாதாரணத் தியேட்டர் காலை முதல் நள்ளிரவு வரை நான்கு காட்சி ஓட்டும். டிரைவ்-இன் இருட்டின பிறகுதான் கண் விழிக்கும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு காட்சி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் நிச்சயமில்லை. சாதாரணத் தியேட்டரில் ஆயிரம் பேர் உட்காரும் இடத்தில் இங்கே சில டஜன் கார்கள்தான் நிற்கும். ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். அந்த நிலம் பகல் முழுவதும் வெயிலில் சும்மா கிடக்க வேண்டும். ஊருக்கு வெளியே நிலம் மலிவாக இருக்கும் வரை இந்தக் கணக்கு ஓடும். கடற்கரைச் சாலை அகலமாகி, 2002-இல் சுங்கச்சாவடியும் வந்து, இரண்டு பக்கமும் வீடும் ஓட்டலும் முளைத்த பிறகு, அங்கே ஒரு மைதானத்தைச் சும்மா போட்டு வைக்க எந்த முதலாளிக்குத்தான் கட்டுபடியாகும்? மூடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷம் ஓட்டினார்களே என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

சரி, இப்படிப்பட்ட ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது? கோயில் என்றால் கோபுரம் இருக்கிறது. அரண்மனை என்றால் தூண் இருக்கிறது. டிரைவ்-இன்னில் என்ன இருக்கிறது? ஒரு வெள்ளைச் சுவரும் வெறும் மைதானமும்தான். அந்த வெறுமைதான் அதன் கட்டடம். அதைப் பாரம்பரியச் சின்னம் என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது?

இதற்குப் பதில் தேடும்போது சென்னையிலேயே இரண்டு உதாரணம் நினைவுக்கு வந்தது.

முதலாவது, மவுண்ட் ரோடு எலெக்ட்ரிக் தியேட்டர். 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டியது. சென்னையின் முதல் தியேட்டர்களில் ஒன்று. இரண்டே வருஷத்தில் அவர் தொழில் முடிந்தது, தபால் துறை அதை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த எல்பின்ஸ்டன், கெயிட்டி, குளோப், சஃபையர் என்ற பெரிய பெரிய தியேட்டர்கள் எல்லாம் மண்ணோடு மண்ணாயின. வடசென்னையில் நாம் ரயிலேறிப் போய்ப் பார்த்த தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் 2020-இல் மூடியாயிற்று. இரண்டு வருஷம் மட்டுமே ஓடிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம், அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை விற்பனைப் பிரிவாக இன்றும் நிற்கிறது. அதை யாரும் கொண்டாடிக் காப்பாற்றவில்லை. தபால்காரர்களுக்கு உபயோகப்பட்டது, அதனால் பிழைத்தது.

இரண்டாவது, தியேட்டர் இல்லாத ஒரு டிரைவ்-இன். கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல். 1962-இல் தொடங்கியது. காரிலேயே உட்கார்ந்து தோசையும் காப்பியும் சாப்பிடலாம் என்பதுதான் அதன் விசேஷம். எழுத்தாளர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று காரே இல்லாத கூட்டம்தான் அங்கே அதிகம். மரத்தடியில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம், யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். 2008-இல் அது மூடப்பட்டபோது எத்தனையோ பேர் துக்கம் விசாரிக்கிற மாதிரி போய் வந்தார்கள். ஆனால் அந்த நிலம் அடுக்குமாடியாகவில்லை. 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஓட்டல் போய்விட்டது. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிற உரிமை ஜனங்களுக்கு மிஞ்சியது. காரணம், அது பொது நிலம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று விளங்குகிறது. ஒரு இடம் பிழைக்க வேண்டுமென்றால் யாருக்காவது அது உபயோகப்பட வேண்டும். இல்லையென்றால் அதன் அடியில் இருக்கிற நிலம் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். பிரார்த்தனாவுக்கு இந்த இரண்டுமே இல்லை. வெளிநாட்டிலும் இதே கதைதான். 1934-இல் திறந்த ஷாங்க்வைலர்ஸ் என்ற டிரைவ்-இன் பென்சில்வேனியாவில் இன்னும் ஓடுகிறது. 2013 வாக்கில் படச்சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, புதிய புரொஜெக்டர் வாங்க வழியில்லாத சிறிய டிரைவ்-இன்களுக்கு ஹோண்டா கார் கம்பெனி, ஜனங்களிடம் ஓட்டெடுத்து, புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தது. அங்கே கார் கம்பெனிக்கு அது உபயோகப்பட்டது.

கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் டிரைவ்-இன்னுக்குத் திடீர் மவுசு வந்ததே, நினைவிருக்கிறதா? தேவாலயப் பூசையைக்கூடக் காரில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2021 நவம்பரில் மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் 290 கார் நிற்கிற புதிய டிரைவ்-இன் திறந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் அது கார் வைத்திருப்பவர்களுக்கான சந்தோஷம்.

நமக்குத் தேவை அதுவா? எங்கள் ஊருக்கு அரை மணி தூரத்தில், சூளூர்ப்பேட்டை பக்கம் 2019-இல் பிரம்மாண்டமான தியேட்டர் ஒன்று வந்தது. திரையே 100 அடி அகலம். நானும் போய்ப் பார்த்து அசந்துபோனேன். குளிர், சத்தம், சாய்வு நாற்காலி எல்லாம் முதல் தரம். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகுதான் பார்த்தேன். முறுக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

நாம் இழந்தது காரில் உட்கார்ந்து படம் பார்ப்பதை அல்ல. தெரியாத குடும்பத்துக்குப் பக்கத்தில், ஆகாசத்துக்குக் கீழே, பாய் விரித்து உட்காருகிற பழக்கத்தைத்தான் இழந்தோம். அதைக் காப்பாற்ற இஞ்சம்பாக்கத்தில் பல கோடி கொடுத்து நிலம் வாங்க வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை வாசலில், ரயில்வே பாலத்தடியில், ஆளுக்கொரு போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் பாஷை நமக்குத் தெரியாது, நம் பாஷை அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பாஷைக்காரர்கள் ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே படம் பார்ப்பது எல்லை ஊர்க்காரர்களான நமக்குப் புதிதா என்ன? பஞ்சாயத்து மைதானமோ பள்ளிக்கூட மைதானமோ, மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு திரை கட்டினால் போதும். இன்றைக்குப் புரொஜெக்டர் கையில் தூக்கிப் போகிற அளவுக்கு வந்துவிட்டது. முறைப்படி அனுமதி வாங்கி, முறைப்படி உரிமைத் தொகை கட்டி, ஒரு மாதம் தமிழ், ஒரு மாதம் தெலுங்கு, ஒரு மாதம் இந்தி அல்லது ஒடியா என்று போடலாம். தொழிற்சாலைகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்குகிற பணத்தில் இதற்கு ஆகிற செலவு மிகச் சிறியது. நிலம் பொது நிலம். உபயோகம் எல்லோருக்கும். நான் மேலே சொன்ன இரண்டு காரணமும் இங்கே பொருந்தி வருகிறது.

நடக்குமா என்று கேட்பீர்கள். என் வயதில் நடக்கும் நடக்காது என்பதைவிடக் கேட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். நடைப்பயிற்சி நண்பர்கள் ஐந்து பேரிடம் சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள், ஒருவர் கொசு கடிக்கும் என்றார், ஒருவர் மனு எழுதித் தந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த ஒரு கையெழுத்தோடு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

அதுவரை நம்மால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. கொட்டகையின் பெயர், டிக்கெட் விலை, பார்த்த முதல் படம், கூட வந்தவர்கள் யார் என்று நினைவிருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மணல் தரைக்குக் கல்வெட்டு கிடையாது. நாம்தான் அதன் கல்வெட்டு.

இஞ்சம்பாக்கம் கொண்டுபோன இரண்டு பாயில் ஒன்று கிழிந்து எப்போதோ போய்விட்டது. இன்னொன்று பரணில் கிடக்கிறது. கல்யாணத்திலிருந்து திரும்பிய மறுநாள் அதை இறக்கித் தூசி தட்டி வெயிலில் போட்டேன். "இது எதுக்கு இப்போ?" என்றாள் மனைவி. சினிமாவுக்கு என்றேன்.